ஆள்மாறிய தீர்ப்பு: அடொல்ப் பெக் வரலாறு

சிலப்பதிகாரம் கற்போர், வழக்குரை காதையிற் பாண்டியன் அரசுகட்டிலில் வீழ்ந்து உயிர்துறந்ததைப் படித்து நெஞ்சு நெகிழ்ந்து அவ்வளவில் நின்றுவிடுவதே பெருவழக்கு. அதற்கப்பால், கட்டுரை காதையிலே மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் வார்த்திகன் கதையை ஊன்றி நோக்குவோர் சிலரே. தங்கால் என்னும் ஊரிலே வாழ்ந்த அந்தணன் வார்த்திகன். அவன் மகனாகிய சிறுவனுக்கு வழிப்போக்கனாய் வந்த பராசரன் என்னும் அந்தணன் அணிகலன்களைப் பரிசாக அளித்துச் சென்றான். எளிய குடியிலே திடீரெனத் தோன்றிய பொன்னைக் கண்டு பொறாத அரச சேவகர், புதையலைக் கவர்ந்தவன் இவன் என்று கூறி வார்த்திகனைச் சிறையிலிட்டனர். அவன் மனைவி நிலத்தில் விழுந்து புலம்பினாள். கொற்றவை கோயிற் கதவம் திறவாதாயிற்று. காரணம் வினாவி உண்மையறிந்த பாண்டியன், வார்த்திகனைச் சிறைவிடுத்து, தன் ஆட்சி பிழைத்தமையை ஒப்புக்கொண்டு, தங்காலையும் வயலூரையும் அவனுக்கு வழங்கி, அவன் முன்னே நிலந்தோய வணங்கினான். அதன் பின்னரே கோயிற் கதவு திறந்தது.

இக்கதையை மாணவர்க்குப் பாடஞ் சொல்லுந்தோறும் என் நினைவுக்கு வருபவர் ஒருவர் உளர். அவர் தமிழர் அல்லர், இந்தியரும் அல்லர். நோர்வே நாட்டிற் பிறந்து இலண்டன் மாநகரிலே மாண்ட அடொல்ப் பெக் என்பார் அவர். ஒருமுறை அன்று, இருமுறை, தாம் செய்யாத குற்றத்துக்காக இங்கிலாந்தின் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனத் தீர்த்தது. ஒருகாலத்தில் இலண்டனிற் செய்தித்தாள் படித்தவரெல்லாம் அறிந்திருந்த அவர் பெயரை இன்று சட்டம் பயில்வோரே அறிவர். அவருடைய வரலாற்றை நம்மவர்க்குச் சொல்லவேண்டும் என்பது என் நெடுநாள் அவா.

பெக் 1841 இல் நோர்வேயின் கடற்கரைப் பட்டினமாகிய கிறிஸ்தியான்சுண்ட் என்னுமிடத்திலே பிறந்தார். இளமையில் இரசாயனம் கற்றார். கற்ற கல்வி அவரை ஓரிடத்திலே நிறுத்தவில்லை, கடல் அழைத்தது. 1865 இல் இங்கிலாந்துக்கு வந்து, கப்பற்றரகர் ஒருவரிடம் எழுதுவினைஞராக அமர்ந்தார். மூன்றாண்டு கழித்துத் தென் அமெரிக்காவுக்குச் சென்றார். அங்கே சிறிதுகாலம் இசைப்பாடகராய் இருந்து பிழைத்தார் என்பதை அறியும்போது நமக்கு வியப்பாக இருக்கிறது. பின்னர்ப் பெரு நாட்டின் தலைநகராகிய லிமாவிலே கப்பற்றரகும், வீடு வாங்கி விற்கும் தொழிலும் செய்தார். கலாபகோஸ் தீவுகள் தொடர்பான உரிமையொன்றை விற்றுக்கொடுத்த வகையில் 8,000 பவுண் தரகாகப் பெற்றார் என்பர். இத்தொகையை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றேன். பின்னர் இதனை வேறொரு தொகையோடு ஒப்புநோக்கவேண்டி வரும்.

1885 இல் இங்கிலாந்துக்கு மீண்டார். கையிலிருந்த பொருளை நோர்வேயிலுள்ள செப்புச் சுரங்கமொன்றிற் போட்டார். சுரங்கம் செம்பைத் தரவில்லை. இருந்த பொன்னையும் விழுங்கிற்று. தங்கியிருந்த விடுதிக்குக் கடன். தம்மிடம் வேலை செய்த செயலாளரிடமும் கடன். எனினும் நீண்ட மேலங்கியும் நரைத்த மீசையுமாய்ப் பெருங்குடிமகன் போலவே வெளியிற் செல்வார். வறுமையை மறைக்க அணிந்த அந்த உடையே அவருக்குப் பகையாயிற்று. கந்தை உடுத்திருந்தாராயின், பின்னால் வந்த பழி அவர்மேல் ஒட்டியிராது.

1895 டிசம்பர் 16 ஆம் நாள். பெக் தமது இருப்பிடத்தினின்றும் விக்டோரியா வீதியிலே இறங்கினார். மொழி கற்பிக்கும் ஆசிரியையாகிய ஒரு பெண் அவரை வழிமறித்து, தன் கைக்கடிகாரங்களையும் மோதிரங்களையும் ஏமாற்றிக் கொண்டுபோனவர் அவரே என்று குற்றஞ்சாட்டினாள். திடுக்குற்ற பெக், வீதியைக் கடந்து அங்கு நின்ற பொலிஸ் சேவகரிடம் சென்று, முன்பின் அறியாத ஒரு பெண் தம்மைத் தொந்தரவு செய்வதாக முறையிட்டார். அவளும் பின்தொடர்ந்து வந்து அவரைக் கைதுசெய்யுமாறு வற்புறுத்தினாள். இருவரும் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். முறையிடச் சென்றவர் எதிரியாகத் தடுத்துவைக்கப்பட்டார்.

அப்பெண் சொன்னது இது. சில வாரங்களுக்கு முன் அதே வீதியிலே நரைத்த தலையினரான ஒரு கனவான் தொப்பியை உயர்த்தி வணக்கஞ் சொல்லி, அவளை வேறொரு சீமாட்டியென எண்ணியவர்போற் பேச்சுத் தொடங்கினார். தாம் பிரபு குலத்தினர், தமக்குப் பெருந்தோட்டமும் அளவிறந்த வருவாயும் உண்டு என்று அளந்தார். உல்லாசக் கப்பலிலே பிரான்சின் தென்கரைக்கு அழைத்துச் செல்வதாகவும், அதற்கேற்ற ஆடைகள் வாங்கிக்கொள்ளுமாறும் கூறி 40 பவுணுக்குக் காசோலை எழுதிக் கொடுத்தார். அவளுடைய மோதிரங்களைவிடச் சிறந்தவற்றைச் செய்விப்பதாகவும் அளவுக்காக அவற்றைத் தரும்படியும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். காசோலை செல்லாக் காசோலை, கனவானும் மறைந்தார்.

ஏறக்குறைய ஈராண்டுகளாக இதே முறையில் ஏமாற்றப்பட்ட பெண்கள் இருபதுக்கு மேற்பட்டோர் என்பதைப் பொலிஸார் அறிந்திருந்தனர். அவர்களை அழைத்து அடையாள அணிவகுப்பு நடத்தினர். பலர் பெக்கையே சுட்டினர். இச்செய்தி பத்திரிகைகளில் வந்ததும், 18 ஆண்டுகளுக்கு முன்னே, 1877 இல், ஜோன் ஸ்மித் என்னும் பெயரினன் ஒருவன் இதே தந்திரத்தாற் பெண்களை ஏமாற்றி ஐந்தாண்டுச் சிறை பெற்றமை சிலர்க்கு நினைவு வந்தது. அன்று ஸ்மித்தைப் பிடித்த பொலிஸ் சேவகர் வந்து, இவரே அவன் என்று சத்தியஞ் செய்தார். பதினெட்டு ஆண்டு கடந்தும் ஒரு முகத்தை ஐயந்திரிபற நினைவுகூர முடியும் என்று அவர் நம்பினார், கேட்டவர்களும் நம்பினர். கரின் என்னும் கையெழுத்து நிபுணரும், 1877 இல் எழுதப்பட்டவையும் 1895 இல் எழுதப்பட்டவையும் ஒரே கையின் எழுத்து என்றும், அது பெக் தம் கையெழுத்தை மாற்றி எழுதியது என்றும் கூறினார்.

இவ்விடத்திலேதான் வழக்கின் உயிர்நிலை இருக்கின்றது. 1877 இல் பெக் தென் அமெரிக்காவில் இருந்தார். எதிரிக்காகத் தோன்றிய நியாயதுரந்தரர் சார்ல்ஸ் கில் வகுத்த வழி மிகத் தெளிவானது. இரண்டு காலத்து எழுத்தும் ஒருவனுடையதே என்று வழக்குத் தொடுநரின் நிபுணரே சொல்லட்டும்; பெக் அக்காலத்தில் பெருநாட்டில் இருந்தார் என்று நாம் நாட்டுவோம்; ஆகவே 1895 இல் எழுதியவனும் பெக் அல்லன் என்பது தானே முடியும். தருக்கம் கற்ற சிறுவனுக்கும் இது விளங்கும். ஆனால் வழக்குத் தொடுநருக்காக வாதாடிய ஹொரஸ் ஏவரி, பழைய குற்றத்தீர்ப்பைக் குற்றப்பத்திரத்திற் சேர்க்காமலே வழக்கை நடத்தினார். சேர்க்காதது பற்றிக் கேள்வி கேட்க இடமில்லை என்று தடுத்தார். நீதிபதி சேர் பொரெஸ்ட் புல்டன் அத்தடையை ஏற்றார். 1877 பற்றிய பேச்சே எழலாகாது என்பது தீர்மானமாயிற்று. அன்றியும், எதிரி தமக்காகத் தாமே சத்தியஞ் செய்து சாட்சி கூறும் பொது உரிமை இங்கிலாந்திலே 1898 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே வந்தது. ஆதலால் 1896 இல் பெக் சாட்சிக் கூண்டில் ஏறித் தம் வரலாற்றைச் சொல்லவும் வழியில்லை.

வேறொன்றையும் சொல்லவேண்டும். 1877 இல் ஜோன் ஸ்மித்தின்மேல் வழக்கு நடத்திய நியாயதுரந்தரர் யாரெனின், இதே புல்டன்தான். தாம் முன்பு கூண்டிலே கண்டவனையும் இப்போது காண்பவரையும் ஒப்பிட்டு நோக்க உலகிலே வேறெவரினும் தகுதியுடையவராய் அவர் ஆசனத்தில் அமர்ந்திருந்தார். அவர் அதை நினைவுகூரவில்லை. 1896 மார்ச் 5 ஆம் நாள் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் யூரிமார் குற்றவாளி என்றனர். ஏழாண்டுக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது.

நீதிமன்றத்திலே பெக் வேறு, ஸ்மித் பற்றிய பேச்சு வேண்டாம். சிறைச்சாலையிலோ பெக்கும் ஸ்மித்தும் ஒருவரே! ஸ்மித்தின் பழைய இலக்கமே அவருக்கு இடப்பட்டது. முன்பும் சிறையிருந்தவன் என்பதைக் காட்டும் எழுத்தொன்றும் அதனோடு சேர்க்கப்பட்டது. நிரூபிக்க முயலாததைத் தண்டனையிலே நிரூபித்ததாகக் கொண்டனர். ஒருவர்க்கு ஊன் உடை உறைவிடம் யாவும் அரசாங்கம் கொடுக்கலாம். அவர் பெயரை எடுத்துவிட்டுப் பிறன் பெயரைக் கொடுப்பது எத்தகைய கொடுமை என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். போட்லண்ட் சிறையிலே அந்தப் பெயரைச் சுமந்து அவர் இருந்தார்.

அவருடைய சட்டத்தரணி டட்டன் என்பவர் 1896 இலிருந்து 1901 வரையில் உள்நாட்டு அமைச்சுக்குப் பத்து விண்ணப்பங்கள் அனுப்பினார். அக்காலத்து இங்கிலாந்திலே யூரிமாரின் தீர்ப்புப் பிழையென்று மேன்முறையீடு செய்தற்கு ஒரு நீதிமன்றமும் இல்லை. நூறு பவுண் கடன் வழக்கிலே தோற்றவன் மேன்முறையிடலாம். உயிரையோ வாழ்நாளையோ இழப்பவன் அமைச்சரின் கருணையையே நோக்கியிருத்தல் வேண்டும். 1898 மே மாதத்தில் அமைச்சு உத்தியோகத்தர் ஒருவாறு ஸ்மித்தின் பழைய சிறைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தனர். ஸ்மித் யூத மரபின்படி விருத்தசேதனம் செய்யப்பட்டவன். பெக் அவ்வாறு செய்யப்படாதவர். உடலே சாட்சி சொல்லிவிட்டது. இருவரும் ஒருவரல்லர் என்பது முடிந்த முடிபு.

இனி விடுதலைதானே என்று வாசகர் நினைப்பர். நீதிபதி புல்டனிடம் கருத்துக் கேட்கப்பட்டது. இருவரும் வேறாயிருக்கலாம், ஆயினும் 1896 ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதனால் அசையாது என்ற பொருளில் அவர் எழுதினார். கையெழுத்து இரண்டும் ஒருவனுடையவை என்று தம் முன்னே கூறப்பட்டதை அவர் மறந்தார், அமைச்சும் மறந்தது. நடந்தது இவ்வளவே: பெக்கின் சிறை இலக்கத்தோடிருந்த அந்த ஓர் எழுத்து நீக்கப்பட்டது. ஆள் உள்ளேயே இருந்தார். ஓர் எழுத்துக்கு விடுதலை கிடைத்தது! இலக்கணம் கற்பிக்கும் தொழிலினனாகிய எனக்கு எழுத்தின்பால் மதிப்பு உண்டு. ஆனால் இதைப் படித்த அன்று எனக்கு உண்டானது சிரிப்பா சினமா என்று சொல்லத் தெரியவில்லை.

1901 ஜூலையில், நன்னடத்தை காரணமாகத் தவணைக்கு முன்பே பெக் விடப்பட்டார். ஐந்தாண்டும் நான்கு மாதமும் கழிந்திருந்தன. வெளியே வந்தும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. தம் பெயரைத் துடைக்கும் முயற்சியிலே எஞ்சிய பொருளைச் செலவிட்டார். 1904 இல் இலண்டனில் மீண்டும் அதே நரைத்த கனவான், அதே வணக்கம், அதே மோதிரம். பணிப்பெண் ஒருத்தி முறையிட்டாள். பொலிஸாருக்கு ஐயமே எழவில்லை. பழைய ஆள் இருக்கிறாரே! பெக் வழக்கமாக உண்ணும் உணவகத்துக்கு அவளைக் கொண்டுசென்று காட்டினர். அவள் அவரை அடையாளம் காணவில்லை. அதனோடு விட்டிருக்கலாம். விடாது, ஏப்ரல் 15 ஆம் நாள் அவர் வீட்டை விட்டு இறங்கும் வேளையில் அவளை எதிரே நிறுத்தினர். இம்முறை அவள் அவரே என்றாள். வேறு பெண்களும் வந்து அவரே என்றனர். ஜூன் 27 இல் யூரிமார் மீண்டும் குற்றவாளி என்றனர்.

இரண்டு வழக்கிலும் சேர்ந்து பதின்மருக்கு மேற்பட்ட பெண்கள் பெக்கைச் சுட்டினர். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று எவரும் பின்னர்க் கூறவில்லை, நானும் கூறேன். அவர்கள் ஏமாற்றப்பட்டதும் உண்மை. பொருளிழந்து நாணியதும் உண்மை. இவரே என்று நம்பியதும் உண்மை. இத்தனை உண்மையும் சேர்ந்து ஒரு பொய்யாயிற்று. இதை நான் நூலில் மட்டும் படித்தறிந்தவன் அல்லன். ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு பாடசாலையிலே, வகுப்பிற் காணாமற்போன பணத்துக்காக ஒரு மாணவனைத் தண்டித்தேன். மூன்று பிள்ளைகள், கண்டோம் என்றார்கள், நல்ல பிள்ளைகள், பொய் பேசாதவர்கள். சில நாளில் பணம் வேறிடத்தில் அகப்பட்டது. நான் அவனைத் தனியே அழைத்து ஒரு பேனாவை வாங்கிக் கொடுத்தேன். அவன் மரியாதையாக இரு கையாலும் வாங்கிக்கொண்டான். அந்தப் பேனாவால் அவன் எழுதி நான் கண்டதில்லை. தண்டித்தது வகுப்பின் முன்னே, ஈடு செய்தது தனியே என்பது எனக்குப் பல ஆண்டு கழித்தே உறைத்தது.

1904 இல் வழக்கை விசாரித்த நீதிபதி சேர் வில்லியம் கிரான்தம் என்பார், யூரிமாரின் தீர்ப்பைக் கேட்டும் மனம் அமைதியடையாதவராய், தண்டனை கூறுவதை ஒத்திவைத்தார். அந்த ஒத்திவைப்பே பெக்கைக் காத்தது. பத்து நாள் கழித்து, ஜூலை 7 ஆம் நாள், பெக் சிறைக்குள் இருக்கும்போதே, பெண்களை ஏமாற்றிப் பெற்ற மோதிரங்களை அடைவு வைக்க முயன்ற ஒருவன் பிடிபட்டான். வில்லியம் தோமஸ் என்று தன் பெயரைக் கூறினான். ஜோன் கேன் என்னும் பொலிஸ் பரிசோதகர், பெக்கின் வழக்குகளை அறிந்தவர், தற்செயலாக அந்நிலையத்துக்கு வந்தார், செய்தியைக் கேட்டார், உற்று நோக்கினார். 1877 இன் ஜோன் ஸ்மித் இவனே என்பது வெளியாயிற்று. பெண்கள் வரவழைக்கப்பட்டனர். இவனைக் கண்டதும் தம் பிழையை உணர்ந்தனர். அவன் செப்டெம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஐந்தாண்டுச் சிறை பெற்றான். பெக் ஜூலை மாதத்திலேயே விடுவிக்கப்பட்டார்.

இனி ஈட்டைப் பற்றிய பகுதி. அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் யூரிமாரின் தீர்ப்பை அழித்தற்கு வழியில்லாமையால், அரசர் மன்னிப்பு வழங்குதல் என்ற ஒன்றே கைகொடுத்தது. ஏழாம் எட்வேர்ட் மன்னரின் பெயரால் பெக்குக்கு இரு வழக்குகளுக்கும் மன்னிப்பு வழங்கப்பட்டது. சற்றே நின்று இதை நோக்குவோம். குற்றஞ் செய்யாதவர் மன்னிக்கப்பட்டார்! வார்த்திகன் கதையில் மன்னிக்க வேண்டியவன் வார்த்திகன். மன்னிப்பை வேண்டி மண்ணில் வீழ்ந்தவன் பாண்டியன். இலண்டனிலே அது தலைகீழாயிற்று. சட்ட அறிஞர் இதற்குச் சொல்லும் நியாயங்களை நான் அறிவேன். மன்னிப்பு என்னும் சொல்லுக்கு அங்கே வேறு பொருள் உண்டென்பர். ஆயினும் சொல்லுக்கு ஒரு மானம் உண்டு. அதனை வாங்கிக்கொள்பவன் காதிலே அது எப்படி ஒலிக்கும் என்பதும் பொருளின் பகுதியே.

பணமாக முதலில் 2,000 பவுண் தருவதாக அரசாங்கம் கூறிற்று. அதற்குள் ஜோர்ஜ் சிம்ஸ் என்னும் பத்திரிகை எழுத்தாளர் டெய்லி மெயில் தாளிலே இவ்வழக்கைப் பற்றித் தொடர்ந்து எழுதி நாட்டையே எழுப்பிவிட்டார். பெக்கைச் சிறைபுகு முன்னரே அறிந்தவர் சிம்ஸ். துப்பறியும் கதைகளாற் புகழ்பெற்ற ஆதர் கொனன் டொயிலும் குரல் கொடுத்தார். எழுந்த ஆரவாரத்தால் தொகை 5,000 பவுணாக உயர்ந்தது. எந்தச் சட்டத்தின்படியும் அன்று, கருணையின் பேரில். தராவிடினும் கேட்க வழியில்லை.

முன்னே நினைவில் வைக்கச் சொன்ன தொகையை இப்போது எடுப்போம். லிமாவிலே ஒரே ஒரு தரகில் அவர் ஈட்டியது 8,000 பவுண். இருமுறை தடுத்துவைக்கப்பட்ட காலமெல்லாம் சேர்த்து இரண்டாயிரம் நாளுக்கு மேற்பட்ட சிறைவாழ்வுக்குக் கிடைத்தது 5,000. நாளொன்றுக்கு இரண்டரைப் பவுணுக்குச் சற்றுக் குறைவு. அக்காலக் கூலித் தொழிலாளிக்கு அது பெருந்தொகை என்று வாதிக்கலாம். ஆனால் கூலித் தொழிலாளி மாலையில் வீடு திரும்புகின்றான்.

பணத்தோடு பெக் அமைதியடையவில்லை, விசாரணை வேண்டுமென்றார். மேன்முறையீட்டு நீதிமன்றத் தலைவர் சேர் ரிச்சர்ட் ஹென் கொலின்ஸ் தலைமையில் ஒரு குழு 1904 இலேயே அமைக்கப்பட்டது. அலகபாத் உயர்நீதிமன்றத்தின் பிரதம நீதியரசராய் இருந்த சேர் ஜோன் எட்ஜ் அதில் ஓர் உறுப்பினர். 1877 பற்றிய சான்றைத் தடுத்தது பிழை என்றும், உடற்குறி வேறுபாடு தெரிந்த பின்னும் உள்நாட்டு அமைச்சு வாளாவிருந்தது பெரும்பிழை என்றும் அக்குழு கண்டது. தனியொருவரும் இதனால் பதவி இழக்கவில்லை. ஏவரி 1910 இல் உயர்நீதிமன்ற நீதிபதியாகவே உயர்ந்தார்.

பெக் வழக்கு மூட்டிய தீயை வேறொரு வழக்கு வளர்த்தது. பம்பாயிலிருந்து சென்று கிறிஸ்தவ குருவான பார்சி ஒருவரின் மகன், ஜோர்ஜ் எடல்ஜி என்னும் சட்டத்தரணி, கால்நடைகளை வெட்டிக் காயப்படுத்தினார் என்று 1903 இல் ஏழாண்டுத் தண்டனை பெற்றார், மூன்றாண்டு சிறையிருந்தார். கொனன் டொயில் அவருக்காகவும் போராடினார். 1907 இல் எடல்ஜிக்கு மன்னிப்புக் கிடைத்தது. ஒரு சதமும் கிடைக்கவில்லை. பெயரில்லாக் கடிதங்களை எழுதித் தமக்குத் தாமே இடர் தேடிக்கொண்டார் என்பது காட்டப்பட்ட காரணம். கருணை என்பது கொடுப்பவன் முகத்தை நோக்கியது; வாங்குபவன் இழப்பை நோக்கியதன்று என்பதற்கு இவ்விருவரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதே போதும்.

அவ்வாண்டிலேயே குற்றவியல் மேன்முறையீட்டுச் சட்டம் நிறைவேறியது. அதற்கு முன் அறுபது எழுபது ஆண்டுகளாகப் பல மசோதாக்கள் வந்து வந்து மடிந்திருந்தன. நீதிபதிகளே பெரும்பாலும் எதிர்த்தனர். 1908 இல் புதிய நீதிமன்றம் கூடிற்று. அதன் வழிவந்ததே இலங்கையில் 1938 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் ஏற்பட்ட குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம். இவ்வகையிலே நம் நாட்டு மறியற்சாலைகளிலிருந்து முறையிட்டவர்களுக்கும் பெயரறியா அந்த நோர்வேக்காரருக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஈடு பெறுதல் மட்டும் இங்கிலாந்திலே நெடுங்காலம் கருணையாகவே இருந்தது. 1928 இல், பதினெட்டரை ஆண்டு ஸ்கொத்லாந்துச் சிறையில் இருந்த ஒஸ்கார் ஸ்லேட்டர் 6,000 பவுண் பெற்றதும் அவ்வாறே. 1966 ஆம் ஆண்டின் குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 14 ஆம் உறுப்புரை, நீதித் தவற்றினால் தண்டனை அனுபவித்தவனுக்குச் சட்டப்படி ஈடு செய்தல் வேண்டும் என்றது. இலங்கை அதனை 1980 இல் ஏற்றது. இங்கிலாந்து 1988 இல் அதற்கெனச் சட்டம் செய்தது; 2014 இல், தான் குற்றமற்றவன் என்பதை ஐயத்துக்கிடமின்றி முறையீட்டாளனே காட்டவேண்டும் என்னும் அளவுக்கு அதனை இறுக்கியும் விட்டது. சிறையில் இருந்த காலத்துக்கு உணவுச் செலவும் உறையுட் செலவும் அவனுக்கு மிஞ்சினவாம். அம்மிச்சத்தை ஈட்டிலிருந்து கழிக்கும் வழக்கமும் அங்கே 2023 வரை இருந்தது. இதைக் கேட்ட என் மாணவர் நான் கற்பித்துச் சொல்கிறேன் என்றே எண்ணினர்.

பெக்கிடம் திரும்புவோம். ஐயாயிரம் பவுணைப் பெற்ற வேளை அவருக்கு அறுபத்துமூன்று வயது. மனைவியில்லை, மக்களில்லை. செப்புச் சுரங்கம் அவருடைய கைக்கு மீண்டும் வரவில்லை. பெரு நாட்டின் இளமையும் வரவில்லை. கிடைத்த பணம் அவரிடம் நெடுநாள் தங்கவில்லை. பழங்கடனும் கைத்தாராளமும் அதனைத் தின்றன. வறுமையிலே தான் இறுதி நாட்கள் சென்றன. விக்டோரியா வீதியிலே அவர் நடந்துபோகும்போது, எதிரே வரும் பெண்கள் எவரேனும் தம்மை உற்று நோக்கினால் அவர் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நான் பலமுறை எண்ணியிருக்கிறேன்.

1909 இன் மாரிக்காலத்தில் மார்புச் சளியும் நுரையீரற் சவ்வழற்சியும் அவரைப் பற்றின. இலண்டனிலுள்ள மிடில்செக்ஸ் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டார். டிசம்பர் 7 ஆம் நாள், வீதியில் வழிமறிக்கப்பட்டுப் பதினான்கு ஆண்டுகள் நிறைய ஒன்பது நாள் இருக்கையில், அடொல்ப் பெக் என்னும் தம் சொந்தப் பெயரோடு அங்கே உயிர்நீத்தார்.